கயிறு மட்டும் நேராக இருந்தது

பாவா,

நேற்றுப் பீரோவை நகர்த்தினோம். பின்சுவரில் மழைத் தண்ணீர் ஊறி, பீரோவின் முதுகு துருப்பிடிக்கிறது என்று அக்கா என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம், என் மகள் ஒரு பக்கம் பிடித்து இழுத்தபோது வலது காலுக்கு அடியிலிருந்து ஒரு மரக்கட்டை நழுவி வெளியே வந்தது. ஒரு முனை தடிமன், மறுமுனை அப்பளம் மாதிரி மெலிவு. தேக்கு. ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன், படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாசனை. இத்தனை வருஷம் கழித்து அது இருக்க நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அடித்தது.

"உம் பாவாவோட கட்டடா அது," என்றாள் அக்கா. "மறுபடி அங்கயே வச்சிடு. பீரோ ஆடிகினு கீது."

நான் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே பழைய செய்தித்தாளை மடித்து அடியில் சொருகினாள். அந்தக் கட்டை எதற்காகச் சீவப்பட்டது, எதற்காகப் பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்தது என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் மனைவிதான், ஆனாலும் தெரியாது. நம் வீட்டில் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நீங்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் நம் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் படம் எடுப்பேன், நீங்கள் கழுவிப் பிரிண்ட் போடுவீர்கள். ஆளுக்கொரு வேலை என்று பேச்சு. ஆனால் ஆளுக்கொரு வேலையில் அடுத்தவன் மூக்கை நுழைப்பதுதான் நமக்கு முழுநேர வேலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நாம் இரண்டு பேரும் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நம்பித்தான். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள், காவடியோடு நிற்கிற அப்பன்மார், எல்லோருக்கும் ஒரே ஆசை. குடும்பமும் விழ வேண்டும், பின்னால் கோயில் கோபுரமும் முழுசாக விழ வேண்டும். நான் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுப்பேன். படத்தில் கோபுரம் அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகியும், மல்லாக்க விழப்போவது போலவும் வரும்.

"கட்டடம் நேராத்தான் நிக்குது. கேமராதான் தலைய தூக்கிப் பாத்துது," என்பீர்கள். எத்தனை தடவை கேட்டிருப்பேன். புதிதாக வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லாமல் விடமாட்டீர்கள்.

அதைச் சரிசெய்ய உங்களுக்கு ஒரு வழி இருந்தது. சிவப்பு விளக்கில் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என்லார்ஜரின் கீழே பேப்பர் மாட்டும் சட்டம் பலகையில் தட்டையாகக் கிடக்கும். கோபுரத்தின் அடிப்பாகம் விழுகிற பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி, காலிப் பேப்பர் டப்பாவை அடியில் தள்ளுவீர்கள். தூக்கின பக்கம் விளக்குக்குக் கிட்டே வரும், அங்கே உருவம் சுருங்கும். உச்சி விழுகிற பக்கம் தூரமாகிவிடும், அங்கே உருவம் விரியும். குறுகிப்போன கோடுகள் இரண்டும் மெல்லப் பிரிந்து நேராக நிற்கும். நடுவில் கூர்மை பார்த்து, லென்ஸின் கண்ணை நன்றாகச் சுருக்கி, இரண்டு முனையும் தெளிவாகிற வரைக்கும் விடமாட்டீர்கள். கிட்டே இருக்கிற பக்கம் பேப்பரில் வெளிச்சம் அதிகம் பட்டுக் கறுத்துப்போகும் என்பதால் உள்ளங்கையை ஆட்டி ஆட்டி நிழல் கொடுப்பீர்கள். டெவலப்பர் தட்டில் கோபுரம் நேராக எழும்பி வரும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்களே கட்டினது போல இருக்கும். அரக்கோணத்து ஸ்டுடியோக்காரர்கள்கூட நெகடிவைக் கொடுத்தனுப்பி "நேராக்கிக் குடுங்க" என்பார்கள். உங்களுக்கு அதில் கர்வம் உண்டு. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. நான் தப்பாக எடுத்ததை நீங்கள் திருத்துவதாகத்தானே அர்த்தம்.

டப்பா வைத்தும் ஒரு பக்கம் மட்டும் அடங்காமல் நின்றால், ஒரு மூலைக்கு மட்டும் அண்டை கொடுக்க அந்தத் தேக்குக் கட்டையைச் சீவி வைத்திருந்தீர்கள். அது எப்போதாவதுதான் வெளியே வரும்.

பள்ளிப்பட்டுப் பக்கம் உங்கள் ஊர்ச் சர்ச்சின் போதகர் ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரு வெயில் காலம். சர்ச்சை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டு வெள்ளைக்கார மிஷனரி காலத்தது. அதில் விரிசல் விட்டிருக்கிறது, சாய்கிறது என்று சபையில் சிலர் சொல்ல, சிலர் இல்லையென்று சொல்ல, சண்டையாகிவிட்டது. திருச்சபையின் மேல் ஆபீஸில் இஞ்சினீயரை அனுப்புமுன் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே ஆண்டுவிழா காலண்டருக்கும் ஆகும் என்று போதகர் சொன்னார். உங்கள் சொந்த ஊர், உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். போய் எடுத்துவரச் சொல்லி என்னைத் துரத்தினீர்கள்.

மணி அடிக்கிற வேலை ரத்தினம்மாவுக்கு. உங்கள் பெரியம்மா மகள். புருஷன் அடித்துக்கொண்டிருந்தான், அவன் போனபிறகு அவள். நான் கேமராவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணிக்கூண்டின் வளைவுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கயிறு தொங்கியது.

"நைனா, உங்க பாவா கிட்ட சொல்லு," என்றாள். "கயிறு செவுத்துல ஒரசி ஒரசி தேஞ்சிகினே போவுது. கமிட்டில சொல்லி ஒரு புதுக் கயிறு வாங்கித் தரச் சொல்லு. அறுந்து என் தலைலதான் வுழும்."

"ஆங், சொல்றேன்," என்றேன். அவளை நகரச் சொல்லி, சர்ச்சும் மணிக்கூண்டும் சேர்ந்து விழுகிற மாதிரி அண்ணாந்து எடுத்தேன். காற்று இல்லை, ஒரு இலை அசையவில்லை. முடித்ததும், "என்னையும் ஒண்ணு எடேன்பா, நான் எங்க போட்டோ எடுத்தேன்," என்றாள். வளைவுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேமராவை நேராகப் பிடித்து ஒன்று எடுத்தேன். அந்த நெகடிவை நாம் அப்போது பிரிண்ட் போடவில்லை. யாரும் கேட்கவில்லை.

மணிக்கூண்டுப் படத்தின் முதல் பிரிண்டை நீங்கள் சும்மா தட்டையாகப் போட்டீர்கள். போதகர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். "சாஞ்சிதான் இருக்குது போலயே," என்றார். பயந்த குரல்.

நீங்கள் சிரித்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அது கேமரா தலைய தூக்கிப் பாத்தது பாஸ்டர். எல்லா கோபுரமும் இப்படித்தான் வுழும். நாளைக்கு வாங்க, நேரா எப்படி நிக்குதோ அப்படியே குடுக்கறேன்."

அன்றைக்கு மத்தியானம் இருட்டறைக்குள் நாம் இரண்டு பேரும் இருந்தோம். டப்பாவை வைத்தீர்கள். சர்ச் சுவர் ஒழுங்காக நேராகிவிட்டது. மணிக்கூண்டு மட்டும் இன்னும் வலப்பக்கம் சரிந்து நின்றது.

"நீ ஓரமா நின்னு எடுத்துட்ட," என்றீர்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் சரியாத்தான் நின்னேன். கேமரா கோணைன்னா சர்ச்சு செவுரு மட்டும் எப்படி நேரா வந்துச்சு?"

"அது நடுவுல கீது. ஓரத்துல கீறத லென்ஸு இழுக்கும். இது தெரியாமதான் நீ இத்தன வருசம் படம் எடுத்துகினு கீற."

லென்ஸ் ஓரத்தை இழுக்கும் என்பது பொய்யில்லை. அதுதான் கொடுமை. உங்களுக்கு அவ்வளவு தெரிந்திருந்ததால்தான் அதற்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. ஒன்றும் தெரியாத ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால், சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். எனக்கு உங்கள் அளவு தெரியாது, ரோஷம் மட்டும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் அலமாரியிலிருந்து கட்டையை எடுத்து மூலைக்குக் கொடுத்தீர்கள். மணிக்கூண்டு நிமிர்ந்தது. சர்ச் சுவர் மறுபக்கம் சரிந்தது. அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ளிவிட்டீர்கள்.

அப்போது வளைவுக்குள் கயிறு தெரிந்தது. நிமிர்ந்த மணிக்கூண்டுக்குள் கயிறு மட்டும் இடப்பக்கம் சாய்ந்து தொங்கியது.

"இது இன்னா, கயிறு கோணையா தெரியுது," என்றீர்கள். "காத்துல ஆடியிருக்கும்."

"காத்தே இல்ல பாவா."

"அப்ப அவ அப்பதான் வுட்டிருப்பா."

ஓட்டை போட்ட அட்டையை எடுத்து, அந்த வளைவில் மட்டும் கூடுதலாக வெளிச்சம் விழவிட்டீர்கள். பிரிண்டில் வளைவு கன்னங்கரேல் என்று வந்தது, கயிறு மறைந்தது. படம் அழகாகத்தான் இருந்தது. அடுத்த நாள் போதகர் அதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். அது மேல் ஆபீஸுக்குப் போனது. மணிக்கூண்டு நேராகத்தான் நிற்கிறது, மழைக் காலம் முடிந்து ஆள் வரும், சபையார் வீணாகப் பயப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்களாம். போதகர் சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். காலண்டரிலும் அந்தப் படமே வந்தது. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்கியது. அவள் சொன்னதை நான் உங்களிடம் சொல்ல, நீங்கள் கேட்டு, ரத்தினம்மாவுக்குக் கமிட்டியில் புதுக் கயிறும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழையில், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி அடிக்கும்போது மணிக்கூண்டு சரிந்தது. வலப்பக்கமாகத்தான் சரிந்தது. ஆராதனைக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அவள் மட்டும்தான் இருந்தாள். நாம் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கல்லை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நீங்களும் இறங்கிக் கல் தூக்கினீர்கள். புதுக் கயிறு அவள் கையிலேயே சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தது நீங்கள்தான்.

அடக்கத்துக்கு வைக்க அவள் வீட்டில் ஒரு படம் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த நெகடிவ் ஞாபகம் வந்தது. அவசரமாகத் திருத்தணிக்குத் திரும்பினோம். கட்டடப் படம் இல்லையே, மனுஷி படம்தானே. சட்டத்தைத் தூக்காமல், டப்பா வைக்காமல், தட்டையாகப் போட்டீர்கள். டெவலப்பரில் முதலில் அவளுடைய புடவையின் கரை வந்தது, பிறகு முகம் வந்தது. கூச்சத்தோடு வாயைப் பொத்தப்போகிறவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிறு வந்தது. கயிறு பேப்பரின் ஓரத்துக்கு இணையாக, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டது போல, நெட்டுக்குத்தாக இருந்தது. அவளுக்குப் பின்னால் வளைவின் சுவர் அந்தக் கயிற்றை விட்டு விலகி, மேலே போகப் போக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கீழே, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், கயிறு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். படம் கறுத்துக்கொண்டே போனது. நான்தான் கிடுக்கியைப் பிடுங்கி அதை ஹைப்போவில் போட்டேன். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு, "அவ கயிறு தேயுதுன்னுதானடா சொன்னா," என்றீர்கள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே நெகடிவில் இன்னொன்று போட்டு, அதை வைத்துத்தான் அடக்கம் பண்ணினோம். பெட்டியின் தலைமாட்டில் வைத்திருந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணுக்கும் அந்தச் சுவர் தெரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதுதான் நியாயமும்.

கல்லறையிலிருந்து திரும்பினதும் நீங்கள் காலண்டர் படத்தையும் ரத்தினம்மா படத்தையும் எடுத்துக்கொண்டு போதகரிடம் போனீர்கள். நானும் வந்தேன். கயிற்றைக் காட்டி, சுவரைக் காட்டி, கட்டை வைத்ததைச் சொல்லி, வளைவைக் கருப்பாக்கினதைச் சொல்லி, எல்லாம் சொன்னீர்கள். அவர் பாதியில் எழுந்து கதவைச் சாத்தினார். "மழை கொஞ்சமாவா பேஞ்சிது," என்றார். "கர்த்தர் குறிச்ச நேரம். நீங்க ஏன் தலைல போட்டுக்கறீங்க. இத வெளிய பேசாதீங்க, சபைல மறுபடி சண்டை வரும்." பிறகு நமக்காக ஜெபம் பண்ணினார். நீங்கள் கண்ணை மூடவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் சட்டத்தைத் தூக்கவில்லை. கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு அடியில் தள்ளினீர்கள். கிருத்திகைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் கோபுரம் மல்லாக்க விழுகிற படத்தையே கொடுத்தீர்கள். "எப்படி வுழுந்துச்சோ அப்படித்தான் குடுப்பேன்," என்றீர்கள். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். நான் கத்தினேன். மலைமேல் இருக்கிற கோபுரம் நன்றாகத்தானே நிற்கிறது, அதையாவது நேராக்கினால் என்ன என்று கேட்டேன். "உனக்குத் தெரியுமா?" என்றீர்கள். "போய் அளந்து பாத்தியா?" நாம் கடைசியாகச் சிரித்துப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். இதற்கு அப்புறம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஸ்டுடியோ மூடினபிறகு உங்களுக்கு நுரையீரல் கெட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏறுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "செவுத்தையும் அதையும் பாரு. ரெண்டும் ஒண்ணா கீதா?" என்று கேட்பீர்கள். மருந்து மயக்கம் என்று அக்கா நினைத்தாள். நான் தினமும் எழுந்துபோய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஒண்ணாத்தான் கீது பாவா," என்பேன். அது உண்மையாகவே பார்த்துச் சொன்னது.

அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். உங்கள் கையில் பலமே இல்லை.

"நீ கூட இருந்தவன். நீ சொல்லு. ரத்தினக்கா செத்ததுக்கு நான்தானே?"

"மழை பாவா," என்றேன். "மழை."

கையை விட்டுவிட்டீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதற்கப்புறம் என்னிடம் அதைக் கேட்கவில்லை. வேறெதையும் அதிகம் கேட்கவில்லை. குழாயைப் பார்க்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டீர்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அதே மழையைத்தான் சொன்னார்கள். போதகர், சபையார், விஷயம் தெரியாமலே அக்கா, எல்லோரும். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நானும் அதையே சொன்னேன். நேற்று அந்தக் கட்டையை மோந்து பார்த்தபோதுதான், நீங்கள் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பினீர்கள் என்று எனக்குப் பிடிபட்டது. உங்களை நேராக்கிக் காட்டுவதற்கு நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் கட்டை வைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் கோணையோடு இருக்கிறபடியே ஒரு ஆளாவது உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

கட்டை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. இனி அது எதற்கு அடியிலும் போகாது. ரத்தினம்மாவின் படம் என்னிடம்தான் இருக்கிறது, கறுத்துப்போன அந்த முதல் பிரிண்ட். அதில் கயிறு நன்றாகத் தெரிகிறது. உங்கள் படம் அக்காவின் அறையில் தொங்குகிறது. உள்ளே வந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை முடிக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில்:

ஆங் பாவா, நீங்கதான். மணிக்கூண்டு சாஞ்சிதான் இருந்துச்சு, நீங்கதான் அத நேராக்குனீங்க. அது தெரிஞ்சிதான் உங்க கூட இத்தன வருசம் ஒரே வீட்டுல ஒக்காந்து சோறு தின்னேன். இன்னைக்கு நீங்க வந்தாலும் பக்கத்துல எல போட்டு ஒக்காருவேன்.